அரசர் வதக்கிய பிரண்டை

முன்னொரு காலத்தில், சோற்றுத் தட்டைக் கண்டாலே நடுங்குகிற அரசர் ஒருவர் இருந்தார். செங்கோடவர்மர் என்று பெயர். போர்க்களத்தில் மதயானை எதிரே வந்தாலும் கண் இமைக்காதவர். ஆனால் அண்டை நாட்டு மன்னன் விருந்து உண்டு எழுந்தவன், கை கழுவும் முன்பே செத்து விழுந்தான் என்ற செய்தி வந்த நாளிலிருந்து அவருக்கு ஒவ்வொரு கவளமும் நஞ்சாகத் தெரிந்தது.

பசி தாங்காத ஒரு நாள் நெய்யில் மிதந்த ஊன்சோற்றை மூக்குமுட்ட உண்டார், நெஞ்சு எரிந்தது. சமைத்தவன் சிறைக்குப் போனான். பலாக்கொட்டைக் கறி வாயுவாய்ப் பிடித்தது. அதைச் சமைத்தவனும் போனான். கருணைக்கிழங்கு மசியல் தொண்டையை அரித்தபோது, முப்பது வருடமாக அந்த மடைப்பள்ளியில் அகப்பை பிடித்த கிழவர் சோமாசியையே விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். வரும் அமாவாசையன்று மூன்று தலைகளும் உருளும் என்று ஊரெங்கும் பறையறைந்தார்கள். மிச்சமிருந்த சமையற்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார்கள். இரண்டு நாளாக அரசர் தம் கையால் வெட்டிய இளநீரைத் தவிர எதையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் சபை கூடியது. அமைச்சர் நரலோகராயர் மெல்ல எழுந்தார்.

"அரசே, தங்களுக்கு நம்பிக்கையான ஒருவர் சமைத்தால் தாங்கள் அச்சமின்றி உண்ணலாம். தங்களைச் சிரிக்க வைப்பவரைவிடத் தங்கள் மேல் அன்பு கொண்டவர் யார்? விகடகவி அழகர்நம்பியிடம் மடைப்பள்ளியை ஒப்படையுங்கள்."

அழகர்நம்பிக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அமைச்சருக்கும் அது தெரியும். போன மாதம் அவர் தம்மையே புகழ்ந்து ஒரு நீண்ட பாட்டு எழுதி வந்து சபையில் படித்தபோது, நம்பி நடுவில் விட்ட ஒரே ஒரு கொட்டாவிக்குச் சபையே சிரித்துவிட்டது. அன்றிலிருந்து அவர் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"நாளை நண்பகல் என் உணவு உன் பொறுப்பு, நம்பி" என்றார் அரசர். அவர் குரலில் கோபம் இல்லை. பசியும் பயமும்தான் இருந்தன.

அமைச்சர் ஆணையோலையைத் தாமே எழுதினார். அரசருக்குப் பிரியமானவன், கெஞ்சியோ சிரிக்க வைத்தோ தப்பிவிடுவான் என்ற எண்ணத்தில் ஒவ்வொரு சொல்லையும் இறுக்கி எழுதி, உரக்கப் படித்தார். "அரசரின் நாவுக்கோ தொண்டைக்கோ வயிற்றுக்கோ ஊறு நேர்ந்தால், அந்த உணவைத் தம் கையால் சமைத்தவர் யாராயினும், எவ்வளவு உயர்ந்த நிலையில் இருப்பவராயினும், அரசருக்கு எவ்வளவு நெருங்கியவராயினும், அந்த இடத்திலேயே தலை வாங்கப்படும். மன்னிப்பு இல்லை."

அரசர் முத்திரை மோதிரத்தை அதில் அழுத்தினார்.

வீட்டுக்கு வந்த நம்பி வாசற்படியைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டான். மனைவி செவ்வந்தி கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். நடந்ததைச் சொன்னான்.

"இவ்வளவுதானே? நான் வந்து சமைக்கிறேங்க" என்றாள் அவள். "ரெண்டு நாள் பட்டினி கிடந்த வயிறு. நெய்யும் ஊனும் ஆகாது. பாசிப்பருப்பை வெறும் சட்டியில வாசம் வர வறுத்து, அரிசியோட குழைய விட்டு, சீரகம் தட்டிப் போட்டா போதும். கூட ஒரு கீரை. பசி எடுக்கப் பிரண்டைத் துவையல். பிரண்டையை மட்டும் நல்லா சுருள வதக்கணும், இல்லேன்னா தொண்டையை அரிச்சுத் தள்ளிடும். புளி வெச்சு அரைக்கணும்."

"நீ வரக் கூடாது."

"ஏன்? உங்களுக்கு உப்பு எது, படிகாரம் எதுன்னு தெரியுமா?"

"ஓலையில என்ன எழுதியிருக்கு தெரியுமா? யார் கையால சமைக்கிறாங்களோ அவங்க தலை. யாரா இருந்தாலும். அரசருக்கு ஒரு விக்கல் வந்தாப் போதும் செவ்வந்தி, உன் தலை…" சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். அதே சொற்களை வாய்க்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். "யாரா இருந்தாலும்…"

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. பிரண்டைக்கு என்ன சொன்னே? முதல்லேர்ந்து சொல்லு. எல்லாத்தையும் சொல்லு" என்றான்.

மறுநாள் முற்பகலில் அரசர் உருவிய வாளோடு மடைப்பள்ளிக்கே வந்துவிட்டார். அடுப்புக்கு நேரே பலகையைப் போட்டு உட்கார்ந்தார். நான்கு காவலர்கள் சுவரோரம் நின்றார்கள். அமைச்சர் கதவருகே நின்றார். அவருக்குப் பின்னால், தலை வெட்டுவதற்காகக் கொலைவாளோடு ஒருவன்.

நம்பி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். "அரசே, அரிசி, பருப்பு, கீரை, பிரண்டை எல்லாம் இங்கே இருக்கின்றன. நான் எதையும் தொடவில்லை. காவலர்தான் கொண்டுவந்து வைத்தார்கள். நான் தொட்டால், இவன் விரலிடுக்கில் எதையோ வைத்திருக்கிறான் என்று தங்களுக்குத் தோன்றாதா?"

தோன்றும் என்பது அரசர் முகத்திலேயே தெரிந்தது.

"தாங்கள் ஐயமில்லாமல் நம்பும் கை எது, அரசே? அமைச்சருடையதா?"

அரசர் திரும்பினார். நரலோகராயர் தம்மையறியாமல் இரண்டடி பின்வாங்கி, வாளேந்தியவன் மேல் முட்டிக்கொண்டார். "எனக்கு… எனக்குச் சமையல் பழக்கமில்லை, அரசே!"

"என் கையைத் தவிர எந்தக் கையையும் நான் நம்பவில்லை" என்றார் அரசர்.

"அப்படியானால் அந்தக் கையே அகப்பையைப் பிடிக்கட்டும். எப்படி என்பதை நான் தள்ளி நின்று சொல்கிறேன்."

பசிக்கு மானம் தெரியவில்லை. அரசர் வாளைக் கீழே வைத்து, பட்டு மேலாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்பெதிரே குந்தினார். ஊதுகுழலால் ஊதினார், புகை கண்ணில் ஏறி நீர் வழிந்தது. பருப்பை வறுத்தார். வாசம் எழுந்ததும் தாமாகவே சட்டியை இறக்கினார். உலை கொதித்ததும் களைந்த அரிசியையும் வறுத்த பருப்பையும் போட்டு, சீரகம் தட்டிச் சேர்த்துக் கஞ்சியாகக் குழையவிட்டார். கீரையை மூடாமல் வேகவிட்டு, கடைசியில் உப்புப் போட்டு, மத்தால் கடைந்தார். புளியைத் தண்ணீரில் ஊறப்போட்டார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பிரண்டையின் நாரை உரித்து, சட்டியில் போட்டு வதக்க ஆரம்பித்தார்.

"அரசே, இன்னும் வதங்க வேண்டும். பச்சை மாறி, நன்றாகச் சுருள வேண்டும்" என்றான் நம்பி.

"உயிர் போகிறது. போதும்."

"அரிக்கும், அரசே. இன்னும் கொஞ்ச நேரம்."

"போதும் என்றேன்!"

அதற்கு மேல் நம்பி வாய் திறக்கவில்லை. ஊறிய புளியில் பாதியைப் பிழிந்து வைத்து அரசர் துவையலை அரைத்தபோது, அம்மியின் சத்தம் அவனுக்குத் தன் கழுத்தின் மேல் உருள்வதுபோல் கேட்டது.

அரசர் கஞ்சியைத் தாமே ஊற்றிக்கொண்டு முதல் வாய் குடித்தார். அரசரின் தோள்கள் தளர்ந்தன. இரண்டாம் வாய், மூன்றாம் வாய். கீரையைத் தொட்டுக்கொண்டார். முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. பிறகு துவையலை எலுமிச்சை அளவு எடுத்து வாயில் போட்டார்.

நான்கு முறை மென்றிருப்பார். கை தொண்டைக்குப் போனது. கண்கள் பிதுங்கின.

"நஞ்சு! தொண்டையில் முள் குத்துகிறது! நஞ்சு!"

இந்த நொடிக்காகவே காத்திருந்த அமைச்சர் பாய்ந்து வந்தார். "ஆணைப்படி சமைத்தவர் தலையை வாங்குங்கள்! தாமதம் வேண்டாம்!"

காவலர்கள் நம்பியை முழங்காலில் தள்ளினார்கள். பிடரியில் வாளின் குளிர்ச்சி பட்டது. அவனால் திக்கித் திக்கித்தான் பேச முடிந்தது. "ஓலை… ஓலையை ஒருமுறை படியுங்கள். அப்புறம் வெட்டுங்கள்."

"படிக்கிறேன், கேள்!" என்று அமைச்சர் மடியிலிருந்து ஓலையை எடுத்தார். "தம் கையால் சமைத்தவர் யாராயினும், எவ்வளவு உயர்ந்த நிலையில் இருப்பவராயினும், அரசருக்கு எவ்வளவு நெருங்கியவராயினும்…"

படிக்கப் படிக்க அவர் குரல் தேய்ந்தது.

"காவலர்களே, யார் கையால் சமைத்தார்கள் என்று நீங்கள் நால்வரும் பார்த்தீர்கள். சொல்லுங்கள்" என்றான் நம்பி.

நான்கு பேரின் பார்வையும் மெல்ல அரசரின் மேல் போய் நின்றது. அவர் விரல்களில் இன்னும் துவையல் ஒட்டியிருந்தது.

வாளேந்தியவன் வாளைத் தாழ்த்தினான். அமைச்சரைப் பார்த்து, "சாமி, யார் கழுத்துன்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றான்.

அமைச்சரின் கையிலிருந்து ஓலை நழுவியது. அரசரின் முகம் சிவந்துகொண்டே போனது. அது சினமா, அரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. நம்பி கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே, "மீதிப் புளியைக் கரைத்து ஒரு வாய் குடியுங்கள், அரசே. பிரண்டை சரியாக வதங்காவிட்டால் அப்படித்தான் அரிக்கும். அது நஞ்சில்லை" என்றான்.

அரசர் தடுமாறி எழுந்து, புளியைக் கரைத்துக் குடித்தார். சற்று நேரம் தொண்டையைத் தடவிக்கொண்டு நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பு அடங்கியது.

"சோமாசி வைத்த கருணைக்கிழங்கும்…" என்று மெதுவாகக் கேட்டார்.

"புளியில் போட்டு வேகவைக்க இன்னும் ஒரு நாழிகை வேண்டும் என்று அவர் கெஞ்சினார், அரசே. நானும் அன்று பக்கத்தில்தான் இருந்தேன். தாங்கள் பசியில் சட்டியையே இழுத்தீர்கள். நெஞ்செரிச்சலும் அப்படித்தான். மூன்று பேர் உண்ணும் ஊன்சோற்றைத் தாங்கள் ஒருவரே உண்டீர்கள்."

அரசர் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று காவலர்கள் பதறினார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, மடைப்பள்ளியின் புகைக்கூண்டு அதிரச் சிரித்தார்.

"நரலோகராயரே, என் தலையை வாங்கவா இத்தனை அவசரமாக ஆளைக் கூப்பிட்டீர்?"

அமைச்சர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

சமையற்காரர் மூவருக்கும் சிறைக் கதவு அப்போதே திறந்தது. விலங்குத் தழும்போடு வந்த சோமாசியின் கைகளை அரசர் பிடித்துக்கொண்டார். பிறகு ஒன்று மட்டும் சொன்னார். இனி அந்த மடைப்பள்ளியில் எது எப்போது வெந்தது என்பதைச் சோமாசிதான் சொல்வார். அதுவரை அரசரும் காத்திருப்பார். அமைச்சருக்கு ஒரு மாதம் அம்மியருகே வேலை.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி நம்பியின் கழுத்தில் போட்டார். வாள் பட்ட இடத்தில் முத்து பட்டதும் நம்பி திடுக்கிட்டுத் தொட்டுப் பார்த்தான். கழுத்து இருந்தது.

"வேறென்ன வேண்டும், கேள்."

"நேற்றிலிருந்து பயத்தில் ஒரு பருக்கை இறங்கவில்லை, அரசே. அந்தக் கஞ்சி கொஞ்சம்…"

அரசர் தம் கையாலேயே அவனுக்குக் கஞ்சி ஊற்றினார். பிறகு துவையலை நோக்கிக் கையை நீட்டினார்.

"அது மட்டும் வேண்டாம், அரசே!" என்று கிண்ணத்தோடு பின்வாங்கினான் நம்பி. "அமைச்சருக்கு வையுங்கள். தங்கள் கைமணத்தைப் புகழ்ந்து ஒரு நீண்ட பாட்டு எழுதுவார்."

அரசர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தவர், கஞ்சி ஆறும்வரை நிறுத்தவில்லை.