ஊசி நடந்த பக்கம்

போன வருஷம் ஆனி மாதம், என் சின்ன மகளின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த லூர்தம்மாள் எனக்கு இதைச் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

ஆவுடைநாயகம் முப்பது வருஷம் மில்லில் துணி சோதிக்கிற அறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து, தன்னைவிட இருபது வயது சின்னவரான உமையாள் அம்மாவைக் குருவாக ஏற்றுக்கொண்டார். வந்தும் பழைய புத்தி போகவில்லை. எதிரே வருகிறவர் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வணக்கமே சொல்வார்.

ஆசிரமத்துச் சமையற்காரம்மாவின் மகள் பூரணிக்கு ஆறு வயது. நல்ல குரல். ஆனால் உடம்பெல்லாம் கரப்பான்; எந்தச் சட்டை போட்டாலும் அரிக்கும். போன தைப்பூசத்தில் பாட நின்றவள், பாதிப் பாட்டில் முதுகைச் சொறிந்துகொண்டு அழுதபடி ஓடிவிட்டாள்.

“இந்தத் தைப்பூசத்துலயும் அரிச்சா, இனிமே பாடவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

“பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணி பாருங்க ஐயா” என்றார் உமையாள் அம்மா. “உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே?”

ஆவுடைநாயகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்து துணிகளின் மாதிரித் துண்டுகளைப் பழைய மில்லுக்கு எடுத்துப் போனார். அங்கே துணியின் வழுவழுப்பை அளக்க ஒரு மெஷின். மெல்லிய ஊசி ஒன்று துணிமேல் நடக்கும். அது ஏறி இறங்குவதெல்லாம் காகிதத்தில் மேடும் பள்ளமுமாகக் கோடு விழும். சந்தன நிறச் சாட்டின் துணியில் மட்டும் கோடு அசையாத தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அதையே வாங்கித் தைத்துக்கொண்டு வந்தார்.

தைப்பூசத்துக்கு முதல்நாள் பூரணி அதைப் போட்டாள். ஒரு பாட்டு முடியவில்லை. கழற்றி எறிந்தாள்.

“பொய்த் தாத்தா!”

ஆவுடைநாயகம் காகிதமும் சட்டையுமாகக் குருவிடம் ஓடினார்.

“மெஷின் பொய் சொல்லாது அம்மா. பிறகு ஏன் இப்படி?”

உமையாள் அம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை.

“ஊசி எந்தப் பக்கம் நடந்துச்சு?”

“மேல் பக்கம். பளபளன்னு இருக்கே, அது.”

“எப்பவும் அப்படித்தானா?”

“வாங்க வர்றவங்க அதைத்தானே தொட்டுப் பார்ப்பாங்க?”

“பூரணி எந்தப் பக்கம் இருக்கா?”

ஆவுடைநாயகம் சட்டைக்குள் கையை விட்டார். சொரசொரவென்று இருந்தது. தையல் ஓரமெல்லாம் குத்தியது. கையை வெளியே எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

“திருப்பிப் போட்டா சரியாயிடும்” என்றார். “ஆனா தையலெல்லாம் வெளியே தெரியுமே. ஊர் முன்னால நிக்கப்போற பிள்ளை. சிரிக்க மாட்டாங்களா?”

உமையாள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பூஜைக்கு வந்தபோது, தம் காவி அங்கியைத் திருப்பிப் போட்டிருந்தார். தையலும் நூல் பிசிறும் வெளியே. கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சமையலறை வாசலில் வெறும் பாவாடையோடு ஒளிந்து நின்ற பூரணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே உள்ளே ஓடி, சந்தனச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று பாட்டு. கை ஒருதரம்கூட முதுகுக்குப் போகவில்லை.

பூஜை முடிந்ததும் ஆவுடைநாயகம் குருவின் அருகில் போனார்.

“ஊரே சிரிச்சுதே அம்மா. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“மெத்துன்னு இருந்துச்சு ஐயா.”

இவ்வளவுதான் கதை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளைக்குப் புதுச்சட்டை போடும் முன்னே, ஒருதரம் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.