எப்பவும் கொட்டுற இடம்

ஒரே ஒரு ஊர்ல, சுத்திலும் மதில் வச்ச பெரிய பட்டணத்துல, ஒரு ராஜா இருந்தாராம். ஏய், காலை மடக்கு, தங்கச்சியை உதைக்காதே. அந்த ராஜா நல்லவருதான், ஆனா மதிலைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்ததே இல்ல. மதிலுக்கு வெளியே, ஏரிக்கு ஓரமா, கறுகறுன்னு நல்ல மண்ணு. அந்த மண்ணுல ஆண்டிச்சின்னு ஒரு பொம்பள கீரை போட்டுப் பிழைச்சா. புருஷன் இல்ல, மூணு பிள்ளைங்க, ஒரு மாட்டு வண்டி. அந்தக் கொல்லைதான் அவளுக்குச் சோறு. வாய் மட்டும் கொஞ்சம் நீளம், உன்னை மாதிரி.

தினம் விடியக்காலம் வண்டி நிறையக் கீரையை ஏத்திக்கிட்டுப் பட்டணத்துக்குள்ள போவா. திரும்பும்போது வெறும் வண்டியா ஓட்டிட்டு வருவாளா? மாட்டா. வீடு வீடா சாணி, சாம்பல், காய்கறித் தோலு எல்லாத்தையும் வாரிப் போட்டுக்கிட்டு வந்து கொல்லையில கொட்டுவா. அங்கேயிருந்த கீரைக்காரங்க அத்தனை பேருக்கும் அதுதான் வழக்கம். கீரை உள்ளே போகும், குப்பை வெளியே வரும். பட்டணத்து ஜனங்க கீரையைத் தின்னாங்களே ஒழிய, குப்பை எங்கே போகுதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல.

அந்த ராஜாவுக்கு ஒரு மந்திரி. அவனுக்கு ஏரிக்காத்து வாங்க ஆசை வந்துச்சு. ராஜாகிட்ட போய், "மகராசா, மதிலுக்கு வெளியே ஒரு இடம் சும்மா கிடக்கு, வெறும் புல்லும் பூண்டும்தான். அங்கே ஒரு மாளிகை கட்டிக்கட்டுமா?"ன்னான். "சும்மாதானே கிடக்கு, கட்டிக்கோ"ன்னு சொல்லிட்டார் ராஜா. போய்ப் பார்த்தாத்தானே!

மந்திரி ஆளுங்க வந்து கீரைக்காரங்க அத்தனை பேர் கொல்லையையும் அழிச்சு, கல்லு இறக்கிட்டாங்க. ஆண்டிச்சி ஓடி வந்து மந்திரி கால்ல விழுந்தா. "ஐயா, இது சும்மா கிடக்குற இடமா? என் பிள்ளைங்க வயிறு ஐயா இது!"

"அதோ பாறை மேடு இருக்கே, அங்கே போய்ப் போடு. எல்லாம் மண்ணுதானே"ன்னான் மந்திரி.

சரின்னு பாறை மேட்டுல விதைச்சா. எறும்பு இழுத்துட்டுப் போச்சு. மறுபடி விதைச்சா, மழை அடிச்சுட்டுப் போச்சு. மறுபடியும் விதைச்சா, வெயில் வறுத்துப் போட்டுருச்சு. பிள்ளைங்க கஞ்சி தண்ணியாச்சு, அப்புறம் அந்தத் தண்ணியும் இல்ல. பாவம், வாயாடி ஆண்டிச்சி வாயை மூடிக்கிட்டு அழுதா.

இங்கே அரண்மனையில என்ன ஆச்சு? முதல் நாள் ராஜா இலையில கீரை இல்ல. ரெண்டாம் நாளும் இல்ல. மூணாம் நாளும் இல்ல. ராஜாவுக்கு வெளிக்கே போகல! போய் உக்காருவாராம், முக்குவாராம், எந்திரிச்சு வந்துருவாராம். சிரிக்கிறியா? போன மாசம் நீ எப்படி அழுதேன்னு சொல்லட்டுமா?

அது மட்டுமா? குப்பையை அள்ள ஆளில்ல. முதல்ல சந்துல சேர்ந்துச்சு, அப்புறம் தேரோடும் வீதியில சேர்ந்துச்சு, அப்புறம் அரண்மனை வாசலுக்கே வந்துருச்சு. ராஜா மீசையில ஈ குடித்தனம் பண்ணுது. "யாருய்யா இந்தக் குப்பையை அள்ளுவாங்க?"ன்னு அவர் கத்த, ஆண்டிச்சியைக் கூட்டிட்டு வந்தாங்க.

மந்திரி அதட்டினான். "ஏ ஆண்டிச்சி, நாளைக்கு என் புது மாளிகையில பால் காய்ச்சுறோம். மகராசா விருந்துக்கு வர்றார். அதுக்குள்ள ஊரு சுத்தமாகணும். உன் ஆளுங்களோட வந்து அள்ளு!"

"அள்ளுறோம் ஐயா. எங்கே கொட்டட்டும்?"

"எப்பவும் எங்கே கொட்டுவியோ, அங்கே கொட்டு."

"எப்பவும் கொட்டுற இடத்துலயா ஐயா?"

"ஆமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எப்பவும் கொட்டுற இடத்துலயேவா?"

"ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா? அங்கேதான்டி! மகராசா முன்னாடியே சொல்றேன், போ!"

"உத்தரவு ஐயா"ன்னு கும்பிட்டுட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுப் போனா ஆண்டிச்சி.

மறுநாள் மேளதாளத்தோட ராஜாவை அழைச்சுக்கிட்டு மந்திரி வர்றான். வந்து பார்த்தா, மாளிகையைக் காணோம்! வாசல்ல குப்பை, ஜன்னல் வரைக்கும் குப்பை, கோலத்து மேல சாணி. இன்னும் வண்டிங்க வரிசையா வந்துக்கிட்டே இருக்கு.

"ஐயையோ, என் வீடு! அடியே, எங்கேடி கொட்டுற?"

"நீங்க சொன்ன இடத்துலதான் ஐயா. எப்பவும் இங்கேதான் கொட்டுவோம், இது எங்க கொல்லை. மகராசா, உங்க ஊருக் குப்பை இங்கே வந்து, கீரையாகி, உங்க இலைக்கே திரும்பி வரும். இப்போ குப்பைக்கும் போக்கில்ல, கீரைக்கும் இடமில்ல. என் பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க."

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டார். "அடப்பாவி! என் கீரை மேலயாடா வீடு கட்டினே?"ன்னு ஒரு கத்து. அப்புறம் தலையைக் குனிஞ்சு, "நானும் ஒரு நடை வந்து பார்த்திருக்கணும், தாயி. என் தப்புதான்"ன்னார்.

அங்கேயே தீர்ப்பு. மந்திரி தன் கையாலயே ஒவ்வொரு செங்கல்லாப் பிரிச்சுப் பாறை மேட்டுக்குச் சுமக்கணும், வீடு வேணும்னா அங்கே கட்டிக்கணும். கீரை முளைக்கிற வரைக்கும் ஆண்டிச்சி பிள்ளைங்களுக்கு அவன் வீட்டுல இருந்துதான் சோறு போகணும். ஏரிக்கரை மண்ணுல இனிமே யாரும் கல்லு வைக்கக்கூடாது, ராஜாவே ஆனாலும். அவ்வளவு எரு விழுந்த மண்ணாச்சே, கீரை முழங்கால் உசரம் வந்துச்சு. ராஜாவுக்கும் நல்லபடியாப் போச்சு, போ!

அப்புறம் தினம் காலையில தெருவுல ஒரு சத்தம் கேக்குமாம், "குப்பை! குப்பை!"ன்னு. யாருன்னு எட்டிப் பார்த்தா, ராஜா உத்தரவுப்படி வண்டியைத் தள்ளிக்கிட்டு மந்திரி வருவானாம். பின்னாடியே ஆண்டிச்சி, "ஐயா, அந்த மூலையில ஒரு கூடை விட்டுட்டீங்க பாருங்க!"ன்னுவாளாம்.

சோறு விளையுற மண்ணுல கல்லு வைக்காதீங்க, கல்லுக்குப் பாறை இருக்கு. அவ்வளவுதான். அவங்க கீரையைக் கிள்ளட்டும், நீங்க கண்ணை மூடுங்க.