வியாழக்கிழமை மாப்பிள்ளை

மந்தக்குடிக்காரர்களை முட்டாள்கள் என்று எவனாவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர்கள் அவர்கள். அதனால்தானே, நெல் வயலிலிருந்து எவ்வளவு மீத்தேன் கிளம்புகிறது, மண்ணுக்குள் எவ்வளவு கரிமம் தங்குகிறது என்று மூன்று வருஷம் அளக்க நினைத்த நான்கு நாட்டு விஞ்ஞானிகள், இத்தனை பெரிய உலகத்தில் அந்த ஊரைத் தேடிப் பிடித்தார்கள்!

டென்மார்க்கிலிருந்து வந்த யோர்கன் ஆறரை அடி உயரம். ஊர்த்தலைவர் கலியபெருமாளின் வயலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, வியாழன் காலை பத்து மணிக்கு அதிலிருந்த காற்றை ஊசிக்குழாயில் உறிஞ்சினார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா அவர் பேச்சைத் தமிழில் சொன்னார்.

"இனி வியாழனுக்கு வியாழன் பத்து மணிக்கு நீங்களே எடுக்கணும். இன்னைக்கு என்னென்ன எப்படி இருந்துச்சோ, அத்தனையும் அப்படியே இருக்கணும். ஒண்ணு மாறினாலும் எங்க உழைப்பெல்லாம் பாழ்."

"உசிரே போனாலும் மாறாது" என்றார் கலியபெருமாள்.

அந்தப் பத்து மணிக்கு வயலோரத்து வாய்க்கால் கரையில் பக்கிரிசாமி மாப்பிள்ளைக் கோலத்தில் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தான். ஏழு வருஷம் செருப்புத் தேய அலைந்து கிடைத்த பெண் அஞ்சலை. அவள் வீட்டுப் பந்தல் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் நூறடிதான்.

"நிப்பாட்டு மேளத்தை!" என்று ஓடிவந்தார் தலைவர். "கல்யாணம் ஆவாத மாப்பிள்ளை போறப்ப உறிஞ்சின காத்துய்யா அது. அடுத்த வியாழனும் கல்யாணம் ஆவாத மாப்பிள்ளைதான் போவணும்."

பக்கிரிசாமி கெஞ்சினான். "தலைவரே, இன்னைக்குத் தாலி கட்டிட்டு வியாழக்கிழமை மட்டும் மாப்பிள்ளையா வந்துடறனே?"

"புருஷனாயிட்டவன் மாப்பிள்ளையா நடந்தா பெட்டிக்குத் தெரியாதா?"

"பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணுக்கே தெரியாத வாயுவைக் கண்டுபிடிக்கிற பெட்டிடா! ஆறடி ஆம்பளையத் தெரியாதா?"

பக்கிரிசாமி ஐந்தடிதான். ஆனால் வாதத்தில் பழுது இல்லையே! தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

அதிலிருந்து வியாழன்தோறும் ஊர்வலம். முதல் நாள் வெயிலுக்குப் பிடித்த குடையை, மழை கொட்டிய வியாழனன்றும் வெயிலுக்குப் பிடிப்பது போலவே சாய்த்துப் பிடித்தார்கள். முதல் நாள் சேற்றில் வழுக்கி விழுந்த மாப்பிள்ளையின் சித்தப்பா ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் அதே மாதிரி விழுந்தார். அன்றைக்குக் குரைத்த நாய் ஊரைவிட்டு ஓடிப்போகவே, தலைவரின் மச்சான் குரைத்தார். நாயைவிட நன்றாகவே குரைத்தார் என்று பேச்சு.

அஞ்சலை மட்டும் சளைத்தவளா? அன்றைக்குப் பத்து மணிக்கு அவளுக்கு ஒரு கண்ணில்தான் மை வைத்திருந்தார்கள். ஆகவே வியாழன்தோறும் ஒற்றைக் கண் மையோடு பந்தலில் உட்கார்ந்தாள். சொந்தபந்தமெல்லாம் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பிரிந்து வரிசையாக உட்கார்ந்தது.

இந்தச் சங்கதியெல்லாம் ஒன்று விடாமல் யோர்கனுக்குப் போனது. அவர், "விவசாயிகளின் பங்கேற்பு நூறு சதவீதம்" என்று அறிக்கை எழுதி, மற்ற நாடுகளுக்கும் அனுப்பினார். முறை என்றால் எங்கும் ஒரே முறையாக இருக்க வேண்டுமல்லவா? வியட்நாமிலும் பிரேசிலிலும் வியாழக்கிழமைகளில் தலைப்பாகை கட்டிய ஆள் ஒருவர் வயலோரம் நடக்கத் தொடங்கினார். இனி யாரை முட்டாள் என்பது, சொல்லுங்கள்!

ஒன்றரை வருஷம் ஓடியது. பக்கிரிசாமிக்கு நெற்றிப் பக்கம் முடி கொட்டியது. ஒருநாள் தாங்கமுடியாமல் தலைவரின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "அஞ்சலையப் பக்கத்துல பாத்தே ஒன்றரை வருஷமாச்சு, தலைவரே. ஏதாச்சும் வழி சொல்லுங்க."

தலைவர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். கருவி பழுதானால் அதே உயரத்தில் மாற்றுக் கருவி வைக்கலாம் என்று போட்டிருந்தது.

"நீ பழுதா?" என்று கேட்டார்.

"சத்தியமா பழுதுதாங்க!"

தலைவர் அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆமா, ரொம்ப நாளாவே" என்று ஒப்புக்கொண்டார்.

மாற்று மாப்பிள்ளைக்கு உள்ளூரில் கல்யாணமாகாதவன் ஒருவனும் அகப்படவில்லை. அந்தச் சமயம் பார்த்துச் சோதனைக்கு வந்த யோர்கன், தனி ஆள். கேட்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துத் தலையைக் கொடுத்தார். ஆனால் உயரம் ஒன்றரை அடி கூடுதல்.

"கரையை ஒன்றரை அடி வெட்டிடுவோம். அவர் தலை பக்கிரிசாமி தலை இருந்த உயரத்துக்கு வந்துடும்" என்றார் மச்சான்.

"ஒரு அடி மண்ணைக் கிளறக்கூடாதுன்னு புத்தகத்துல இருக்கே?" என்று இழுத்தார் தலைவர்.

"நாம ஒரு அடியா கிளறப்போறோம்? ஒன்றரை அடில்ல!"

எல்லோருக்கும் மனசு லேசானது. வெட்டிய மண்ணை வண்டி வண்டியாக ஆராய்ச்சி வயலிலேயே கொட்டினார்கள். யோர்கன் அதையும் படம் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வியாழன் பத்து மணி. தலைப்பாகையும் மாலையுமாக யோர்கன் பள்ளத்தில் நடந்தார். சித்தப்பா விழுந்தார். மச்சான் குரைத்தார். பக்கிரிசாமியோ குறுக்குவழியில் தலைதெறிக்க ஓடி, மூச்சிரைக்கப் பந்தலுக்குள் நுழைந்தான்.

"அஞ்சலை, வந்துட்டேன்! வா, தாலி கட்டறேன்!"

அஞ்சலை திகைத்துப் போனாள். "மாப்பிள்ளை இன்னும் வரலீங்களே. மேளச் சத்தம் கேக்குது பாருங்க, அங்கதான் வர்றாரு. நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

பக்கிரிசாமி நின்று நிதானமாக யோசித்தான். அவள் கேட்டதில் தப்பே தெரியவில்லை.

"மாப்பிள்ளை வீடு."

"அப்ப இந்தப் பக்கம் உக்காருங்க."

உட்கார்ந்தான். மேளச் சத்தம் கிட்டத்தில் வந்தது, வாரா வாரம் போலவே திரும்பிப் போனது. பக்கிரிசாமிக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"ஒன்றரை வருஷமா ஒரு பொண்ணை இப்படிக் காக்க வைக்கிறானே, என்ன திமிர் இருக்கணும் அவனுக்கு!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பல்லைக் கடித்தான். "வரட்டும் அந்தப் பக்கிரிசாமி. இன்னைக்கு அவனை நான் ரெண்டுல ஒண்ணு பாக்காம வீட்டுக்குப் போறதில்ல!"