மாடிப்படியை இடிக்க நினைத்தவர்

“அம்மா, என் வீட்டு மாடிப்படியை இடிச்சுடலாமா?”

வந்தவர் நின்றுகொண்டே கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வேலம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“இடிச்சுட்டா மேல எப்படிப் போவீங்க?”

“நான் போகலை. கீழ ஆபீஸ் ரூம்லயே படுத்துக்கறேன்.”

“மேல யாரு இருக்காங்க?”

“மகள். சுகந்தி. அவ இடிக்கக் கூடாதுங்கறா. அம்மா ஏறி இறங்கின படிங்கறா. நான் வெள்ளிக்கிழமைக்கு ஆள் சொல்லிட்டேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா அவ ஒத்துக்குவா.”

“அட, சிபாரிசுக்கா வந்தீங்க!” வேலம்மாள் சிரித்தார். “செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க. இந்தாங்க, இந்தக் கொத்தை உருவுங்க. சும்மா உட்கார்ந்து பேசினா அழுகை வரும்.”

வேலம்மாள் அமராவதி ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. சாமியாரம்மா என்று யாராவது கூப்பிட்டால் கோபம் வரும். ஆனாலும் கரூரில் மனசு தாங்காதவர்கள் அங்கேதான் போய் உட்காருவார்கள்.

வந்தவர் பெயர் கனகசபாபதி. அறுபது தாண்டியவர். ஆர்க்கிடெக்ட். ஊரில் எல்லோரும் அவரை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் இன்ஜினியர் இல்லீங்க, ஆர்க்கிடெக்ட் என்று முதலில் கொஞ்ச வருஷம் சொல்லிப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

படித்து முடித்து வந்தபோது பெரிய நூலகம் கட்ட வேண்டும், வெளிச்சம் கொட்டுகிற மாதிரி பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று ஆசை இருந்தது. ஊர் அவருக்குக் கொடுத்தது சின்னச் சின்ன வீடுகள்தான்.

“படி மேல அப்படி என்ன கோபம்?”

“எல்லாருக்கும் ரெண்டு சென்ட்தான் இடம். கீழ வண்டி நிக்கணும். ஒரு போர்ஷன் வாடகைக்கு விடணும். அதுக்குள்ள மாடிக்கும் படி வேணும். நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஒரு மூலையில, ஒரு ஆள் போற அகலத்துல, நடுவுல முக்கோணக் கல்லா வெச்சுப் படியைத் திருப்பிடுவேன். அதுல ஒரு ரூம் மிச்சமாகும். ஊர்ல அதுக்கு இன்ஜினியர் படின்னே பேரு.”

சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

“அதுல பீரோ எப்படி மேல போகும்?”

“வெளியில கயிறு கட்டி ஏத்திடுவாங்க.”

“கட்டில்?”

“அதுவும் அப்படித்தான்.”

“சரி, மனுசங்க?”

கனகசபாபதியின் கை கீரையில் அப்படியே நின்றது.

“என் சம்சாரம் பூங்கோதை தை மாசம் தவறிட்டா. மாடியில. காபி போடப் போனவ அடுப்புகிட்டயே உட்கார்ந்துட்டா.”

வேலம்மாள் அடுத்த கொத்தை எடுத்தார்.

“ஐஸ் பெட்டி வந்துச்சு. அது மேல ஏறாது. உடம்பைக் கீழ கொண்டுவந்து வாசல்ல கிடத்தினாத்தானே ஜனம் வந்து பார்க்கும்? பெஞ்சுல படுக்க வெச்சுத் தூக்கினாங்க. திருப்பத்துல பெஞ்சு முட்டிக்கிச்சு. சாய்ச்சுப் பார்த்தாங்க, தூக்கிப் பார்த்தாங்க. திரும்பலை. திரும்பாதும்மா. நான் போட்ட அளவு, எனக்குத் தெரியாதா?”

“அப்புறம்?”

“என் மச்சினன் பிளாஸ்டிக் சேர் கொண்டு வாங்கடான்னான். உட்கார வெச்சு, துண்டால கட்டி இறக்கினாங்க. சேர் கால் சுவத்துல உரசி, பூச்சு ஒரு சாண் பெயர்ந்துடுச்சு. கீழ்ப்படி ஓரம் உடைஞ்சு போச்சு. நித்தம் அதைப் பார்க்கறேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதோட போச்சா? எதிர்வீட்டுக்காரர் வந்து என் தோளைத் தட்டி, வருத்தப்படாதீங்க இன்ஜினியர், எங்கப்பாவையும் இப்படி சேர்லதான் இறக்கினோம்னார். அவர் வீடும் நான் போட்ட பிளான். ஊர் பூராவும் அப்படித்தான் இறக்கியிருக்காங்கம்மா. என்கிட்ட ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புது வீட்டுக்குப் பிளான் கேட்டு வந்தாங்க, அந்தப் படிதான் வேணும்னாங்க. நானும் போட்டேன்.”

வேலம்மாள் கீரைத் தட்டை நகர்த்தி வைத்தார். தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து கையை எடுப்பதுபோல அவ்வளவு மெதுவாக.

“அந்த வீடுங்கள்ல ஒண்ணு ரெண்டுக்குப் போயிட்டு வாங்க. எப்படி இறக்கினீங்கன்னு கேளுங்க. உங்க படியை எவ்வளவு திட்டினாங்கன்னும் கேட்டுட்டு வாங்க.”

“சாவு விழுந்த வீட்டுல போயி இதையா கேட்கறது?”

“திட்டு வாங்கத்தானே வந்திருக்கீங்க? என்கிட்ட அது இல்லை. அவங்ககிட்ட இருக்கான்னு பாருங்க.”

முதலில் ரங்கநாயகி வீட்டுக்குப் போனார். புருஷனை இழந்தவர்.

“வாங்க இன்ஜினியரே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? பாத்ரூம் மேல ஒழுகுது. பார்த்துட்டு அப்புறம் உட்காருங்க.”

பார்த்தார். உட்கார்ந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

ரங்கநாயகி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“அவரை இறக்கினதா? அதை ஏங்க கேக்கறீங்க! குண்டு மனுசன். பாதியில சேர் கால் முறிஞ்சு போச்சு. எங்க மச்சாண்டாருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்கும் வந்துடுச்சுங்க. அழுதுட்டிருக்கேன், சிரிப்பும் வருது. எங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் உதட்டை ஒரு பக்கமா வெச்சுக்கிட்டு, என்னடி சிரிக்கறேங்கற மாதிரியே இருந்தாரு.”

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

“படியைத் திட்டலையா?”

“படியையா? அது என்னங்க பண்ணுச்சு? காபி ஆறுது, குடிங்க.”

அடுத்து பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருக்கும் அன்புக்கரசுவிடம் போனார். அவன் தாயைச் சேரில் வைக்கவில்லை.

“நானே தூக்கிக்கிட்டேங்க. ரெண்டு கையிலயும். ஆஸ்பத்திரியில கெடந்து கெடந்து பஞ்சாட்டம் ஆயிட்டா. தலையை என் தோள்ல சாய்ச்சுக்கிட்டேன். கம்மல் இங்க குத்துச்சு.” தோளைத் தொட்டுக் காட்டினான். “வலிச்சுது. நகர்த்த மனசு வரலை.”

“படி இடைஞ்சலா இருந்திருக்குமே, தம்பி?”

அவன் யோசித்தான்.

“தெரியலீங்க சார். எப்படி இறங்கினேன்னே தெரியலை.”

வியாழக்கிழமை மத்தியானம் கனகசபாபதி திரும்பி ஆற்றங்கரைக்கு வந்தார். செருப்பை வெளியிலேயே விட்டார். கேட்காமலே உட்கார்ந்தார்.

“எவ்வளவு திட்டு கிடைச்சுது?” என்றார் வேலம்மாள்.

“ஒண்ணும் கிடைக்கலை. படியே யாருக்கும் ஞாபகமில்லைம்மா. காபி கொடுத்து அனுப்பறாங்க. ஒருத்தராவது சட்டையைப் பிடிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.”

“ம்.”

“நாளைக்குக் காலையில ஆள் வந்துடுவாங்க. சுகந்தி நேத்திலருந்து சாப்பிடலை. படியிலயே உட்கார்ந்திருக்கா. இப்பவாவது சொல்லுங்க. இடிக்கவா, வேண்டாமா?”

வேலம்மாள் வேறொன்று கேட்டார்.

“அன்னிக்குப் பூங்கோதையம்மாவை யாரெல்லாம் பிடிச்சிருந்தாங்க?”

“மச்சினன் முதுகுப் பக்கம். பக்கத்து வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் சேரை. சுகந்தி பாதத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தா, விடவே மாட்டேன்னுட்டா.”

“நீங்க?”

“நான் முன்னால இறங்கினேன். எங்க சாய்க்கணும், எங்க தூக்கணும்னு எனக்குத்தானேம்மா தெரியும்? இடது பக்கம் ஒடிங்க, மெதுவா, மெதுவான்னு சொல்லிக்கிட்டே வந்தேன்.”

“அவங்க முகம் எப்படி இருந்துச்சு?”

கனகசபாபதி சட்டென்று வாயைத் திறந்தார்.

ஆற்றில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

“சேர் காலைத்தாம்மா பார்த்துக்கிட்டு வந்தேன்,” என்றார்.