ஒரே துணியில ரெண்டு பாவாடை

ஒரு ஊர்ல ஒரு செவ்வந்தி இருந்தா, அஞ்சாங்கிளாஸ். குழந்தைகள் தினத்துக்கு மேடையில இங்கிலீஷ் கதை படிக்கச் சொல்லி டீச்சர் அவளைத்தான் நிறுத்தியிருந்தாங்க. அம்மா மில்லுக்கு லீவு போட்டுட்டுக் கேக்க வர்றாங்கன்னு அவளுக்கு ஒரே குஷி. "ம்" கொட்டுடி, சித்தி மட்டும் தனியாப் பேசிட்டிருக்கணுமா?

அப்புறம் ஒத்திகை. கதையில ஒரு தாத்தா கடிகாரத்துக்குச் சாவி குடுக்கறார். அங்க 'வைண்ட்'னு படிக்கணும். இவ காத்துன்னு நினைச்சு 'விண்ட்'னுட்டா. ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதான், அவ என்ன பண்ணுவா பாவம்! கிளாஸே கெக்கெக்கேன்னு சிரிச்சுது. மறுநாள் ஒத்திகையில, தாத்தா சட்டையை ஆணி டர்ருன்னு கிழிக்கற இடம். அங்க 'டேர்'. இவ கண்ணீருக்குச் சொல்ற 'டியர்'னுட்டா. மறுபடியும் கெக்கெக்கே. "நான் மேடை ஏறவே மாட்டேன்"னு அழுதுட்டே வீட்டுக்கு வந்தா. இந்த இங்கிலீஷுக்கு இவ்வளவு கொழுப்பு ஆகாது. ம்.

அப்போ வீட்டுல அம்மா தடக் தடக்னு மெஷின் மிதிச்சுட்டிருந்தாங்க. தீபாவளிக்கு ஒரே பச்சைத் துணி எடுத்து, செவ்வந்திக்கும் தங்கச்சி குமுதாவுக்கும் பாவாடை. ரெண்டு பேரும் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாங்க. பக்கத்து வீட்டு ரமீஜா அக்கா முதுகைப் பாத்துட்டு, "குமுதா, இங்க வா"ன்னாங்க. திரும்பினது செவ்வந்தி! "அட, நீயா? வா செவ்வந்தி"ன்னு சிரிச்சுட்டு முறுக்கு குடுத்தாங்க. தப்பாக் கூப்பிட்டுட்டோமேன்னு அவங்க அழுதாங்களா என்ன? செவ்வந்தி மொறுக் மொறுக்னு கடிச்சுக்கிட்டே அதையே யோசிச்சா. அப்புறம், "மேடை ஏறுறேம்மா"ன்னா.

விழா வந்துச்சு. அம்மா கடைசி வரிசையில. 'வைண்ட்' சரியா வந்துச்சு. 'டேர்' சரியா வந்துச்சு. அப்புறம் தாத்தா ஊரையே கூட்டிக்கிட்டு முன்னாடி நடக்கறார், அது 'லீட்'. இவ ஈயத்துக்குச் சொல்ற 'லெட்'னுட்டா! கூட்டம் கெக்கெக்கே. செவ்வந்தி நின்னா. அந்த வரியை இன்னொரு தடவை பாத்தா. "அட, நீயா?"ன்னு மைக்லயே கேட்டுட்டு, 'லீட்'னு படிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டே கடைசி வரைக்கும் படிச்சு முடிச்சா.

கீழ இறங்கினதும் அம்மா ஓடி வந்து கட்டிக்கிட்டாங்க. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது கண்ணு. நடுவுல 'அட, நீயா'ன்ன பாரு, அது மட்டும் நல்லாப் புரிஞ்சுது"ன்னாங்க.

ம்? சத்தத்தையே காணோம். சரி, கதையை மடிச்சு வெச்சாச்சு. நீ தூங்குடி தங்கம்.