பதினேழாம் எண் கேரியர்

வாடகைக்கு இருந்த வீட்டையே மூன்று வருடத்தில் வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம். கடன் கிடைக்கும் என்று வங்கி முன்கூட்டியே சொன்னால்தான் வீட்டுக்காரர் கையெழுத்திடுவார். அதற்காக வங்கியில் என் மேஜை முன் வந்து நின்ற மரகதவல்லியை நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“சம்பளச் சீட்டு?”

“ஆபீசுகளுக்குச் சாப்பாடு சமைச்சு அனுப்புறேன் சார்.”

“யார் வேணா அப்படிச் சொல்லலாம். அஞ்சு வருஷமா சாப்பிடுற ஒருத்தர் எழுதிக் கொடுக்கட்டும். கௌரவமான ஆளா இருக்கணும்.”

“பேங்க் ஆபீசர்னா பரவாயில்லையா சார்?”

“தாராளமா.”

அவர் என் மேஜையிலிருந்த கேரியரின் மூடியைத் தொட்டுக் காட்டினார். சிவப்புப் பெயிண்டில் பதினேழு.

“ஆறு வருஷமா இந்தப் பதினேழுக்கு மட்டும் உப்புக் கம்மியா தனியா சமைக்கிறேன். பிரஷர்னு சொன்னாங்க.”

கொண்டுவரும் ஆட்டோக்காரரிடம் சமைப்பது யாரென்று நான் கேட்டதே இல்லை. தலை நிமிராமல் எழுதிக் கொடுத்தேன்.

“உட்காருங்கம்மா.”

“இருக்கட்டும் சார். நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்.”