மூணாவது குடம்

"சாமி, இந்த மழைக்கு எப்படி நன்றி சொல்றது?"

கேட்டவர் பெத்தணன். தலையில் கோணிச்சாக்கு, முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. நாலு வருஷம் வானம் பார்த்துக் காய்ந்த ஊரில் மூன்று நாளாக விடாத மழை. கண்மாய் நிரம்பி மறுகால் போய்க்கொண்டிருந்தது.

கண்மாய்க்கரை மண்டபத்தில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் சட்டி வைத்துக்கொண்டிருந்தார் சாமி. பெத்தணனைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் பத்து வருஷமாக அவர் வாயிலிருந்து வருவதுதான் பெத்தணனுக்கு வேதவாக்கு.

"நாளைக்கு அம்மனுக்குப் பொங்கல். மொதப் பானை என் கையாலதான் வைக்கணும்னு ஊரே சொல்லிருச்சு. நீங்க வந்து துன்னூறு கொடுக்கணும்."

"மழை எப்படி வந்துச்சாம்?"

பெத்தணன் சட்டியைப் பார்த்தார்.

"ஊர்ல ஒண்ணு பேசிக்கிறாக."

"என்னன்னு?"

"ஒச்சம்மா போனா, மழை வந்துச்சுன்னு."

"நீ என்ன சொல்றே?"

"ஊர் சொல்றதுதான் சாமி."

ஊருக்கு அந்தப் பேச்சை எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வைக்கோலில் ஒரு பொம்மை செய்து, ஊர்ப் பாவத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றி, தெருத்தெருவாக இழுத்துப்போய்ச் சுடுகாட்டில் கொளுத்துவார்கள். யாருடையது என்று தெரியாத கந்தலைத்தான் அதற்குச் சுற்றுவார்கள்.

இந்த முறை பொம்மை மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தது. அரக்குக் கரை. ஒச்சம்மாளின் சேலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொடியில் காய்ந்ததை உருவிக்கொண்டு வந்தது பெத்தணன்.

காரணம் கேட்டால் வெட்கக்கேடு. ஊரில் ஒச்சம்மாள் கிணறு ஒன்றில்தான் ஊற்று வற்றவில்லை. வீட்டுக்கு இரண்டு குடம் என்று எல்லாருக்கும் அவளே இறைத்துக் கொடுத்தாள். பெத்தணன் மாட்டுக்கென்று மூன்றாவது குடம் கேட்டார். இல்லை என்றுவிட்டாள்.

சேலையைப் பார்த்த ஊர் அவளோடு பேச்சை நிறுத்தியது. எட்டாம் நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். கிணறு மட்டும் ஊருக்கு வேண்டியிருந்தது. பெத்தணன் நாலு குடம் எடுத்தார்.

இதையெல்லாம் அவர் சாமியிடம் சொன்னதில்லை. சாமியும் கேட்டதில்லை.

"அவ இப்ப எங்க இருக்கா?"

"கரட்டுக்கு அந்தப் பக்கம் சாமி. ஆறு மைலு."

மூலையில் கிடந்த குடத்தை எடுத்துச் சாமி நீட்டினார்.

"போ. அங்க பெய்யிற மழையில ஒரு குடம் பிடிச்சுக்கிட்டு வா."

"அங்க பெய்யலைன்னா?"

"ஊர் சொல்றது சரி. நாளைக்கு வந்து துன்னூறு கொடுக்கிறேன்."

பெத்தணன் நடந்தார்.

கரட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்கக் கொட்டியது. தாண்டினால் காய்ந்து கிடக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினார். அங்கே பெய்யாவிட்டால் போதும், தான் செய்தது பாவமில்லை என்று ஆகிவிடும்.

உச்சியில் நின்று பார்த்தார். அந்தப் பக்கம் இன்னும் கனமாகப் பெய்தது.

"நின்னுரு ஆத்தா, கொஞ்சம் நின்னுரு" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பாதி வழியில்தான் தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழுந்தது. நாலு வருஷம் மழைக்காக மண் சோறு தின்ற வாய் அது. கூனிக்குறுகிப் போனார். திரும்பிவிடலாம் என்றால் கையில் சாமியின் குடம்.

ஒச்சம்மாள் கூரை விளிம்பில் அண்டா வைத்து மழைநீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்டா நிரம்பி வழிந்தது. அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"அண்ணே! ஊர்ல மழையாண்ணே?"

அவர் அண்டாவிலிருந்து வழியும் தண்ணீரையே பார்த்தார்.

"பெய்யலையா?"

தலை தானாகக் குனிந்தது. அவள் அவர் கையிலிருந்த காலிக் குடத்தைப் பார்த்தாள். அவள் முகம் செத்துவிட்டது.

"அய்யோ, அங்க பெய்யலையா! இங்க இப்பிடிக் கொட்டுதே, அங்க எப்பிடியோன்னு மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. குடத்தக் கொடுங்க."

வாங்கி அண்டாவில் அமுக்கினாள்.

"அன்னைக்கு மூணாவது குடம் இல்லேன்னுட்டேன். அந்தக் கோவத்துலதான சேலைய எடுத்தீக. என்னண்ணே செய்ய, கடைசி வீட்டுக்கும் ரெண்டு குடம் வேணும்ல. இன்னைக்கு எம்புட்டு வேணுமோ மொண்டுக்கிட்டுப் போங்க. நம்ம ஊரு மாடு கன்னு குடிக்கட்டும்."

பெத்தணன் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பெய்யுது தாயி," என்றார். "அங்கயும் பெய்யுது. கண்மாய் மறுகால் போகுது. ஒன் கெணறு கைக்கு எட்டுற மாதிரி நிக்குது."

ஒச்சம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். கொட்டுகிற மழையில் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள்.

"என் வயித்துல பால வார்த்தீகண்ணே. இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் நனைஞ்சுக்கிட்டு வந்தீக?"